சின்ன டூல்களுக்கு இயங்குதளம் எப்படி இடம் கொடுக்க வேண்டும்? (தமிழ் கீபோர்டு, எழுத்துரு மாற்றி, கலர் பிக்கர், கால்குலேட்டர்)

தட்டச்சுத்தாமரை கேட்டது:

மதுரையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, கும்பாபிஷேக மலர், வக்கீல் நோட்டீஸ் என்று எல்லா வேலையும் வரும். பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கரும் படத்துக்கு ஃபோட்டோஷாப்பும் இருந்தால் கடை நடந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் நாள் முழுக்க எங்கள் கை போய்ப் போய் வருவது சில சின்ன டூல்களிடம்தான்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் கீபோர்டு டூல் முதலாவது. அடுத்தது எழுத்துரு மாற்றி. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் யூனிகோடில் (இன்றைய ஃபோன்களும் கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தும் பொதுவான எழுத்துக் குறியீடு) அனுப்புவார். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. பாமினிக்கோ வேறு பழைய எழுத்துருவுக்கோ மாற்றித்தான் உள்ளே ஒட்ட வேண்டும். அப்புறம் கலர் பிக்கர். "அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே மெரூன் வேண்டும்" என்று யாராவது பழைய படத்தைக் காட்டினால் அந்த நிறத்தின் எண்ணை எடுத்துத் தருவது அதுதான்.

கால்குலேட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கவுண்டரில் ஒருவர் நின்றுகொண்டு 240 பக்கம், டெமி 1/8, ஆயிரம் பிரதி என்கிறார். பாரத்துக்கு (அதாவது அச்சடித்து மடிக்கும் ஒரு தாளுக்கு) 16 பக்கம், ஆக 15 பாரம், 15,000 தாள், ரீமுக்கு 500 தாள் என்றால் 30 ரீம் என்று அவர் கண் முன்னாலேயே போட்டுச் சொல்ல வேண்டும். அப்போது கொட்டேஷன் எழுதும் பக்கம் மறையக் கூடாது. கால்குலேட்டர் அதன் மேல் வந்து, எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். எனக்குத் தெரிந்து ஒரு சின்ன டூலுக்கு இருக்க வேண்டிய முழு குணமும் இதுதான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கினோம், விண்டோஸ் 11. கூடவே வந்த ஆண்டிவைரஸ் (பெயர் வேண்டாம்) ஒரு ஆய்வேட்டின் நடுவில் எங்கள் கீபோர்டு டூலைத் தூக்கிக் கூண்டில் வைத்துவிட்டது. "விசைகளைப் பதிவு செய்யும் நடத்தை" என்று காரணம் காட்டியது. தமிழ் டைப் செய்யும் டூல் விசையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்க்கும்? டூலைச் செய்தவர்கள் புதிய பதிப்பு வெளியிட்டு வருடங்கள் ஆகின்றன.

விலக்குப் பட்டியலில் சேர்த்து மீட்டுவிட்டேன். ஆனால் நோட்பேடில் தமிழ் வருகிறது, பேஜ்மேக்கரில் வரவில்லை. டூலை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் மட்டும் வருகிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. மாற்றியைத் திறக்கும்போதும் எச்சரிக்கை வருவதால், டைப் செய்யும் பிள்ளைகள் ஆன்லைன் கன்வர்ட்டர் தளங்களில் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு ஒட்டியது ஒரு விவாகரத்து நோட்டீஸ். பெயர், முகவரி, குற்றச்சாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த எச்சரிக்கை, வாடிக்கையாளரின் ரகசியத்தை யாரோ ஒருவருடைய தளத்துக்கு அனுப்பி வைக்கிறது.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, பேஜ்மேக்கர் சிக்கலுக்கு வழி. இரண்டு, இந்தச் சின்ன டூல்களை ஒரு இயங்குதளம் எப்படி நடத்தினால் சரியாக இருக்கும்? எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துத் தர வேண்டுமா? தனி வகையாகப் பார்க்க வேண்டுமா? இப்போது போல ஃபோட்டோஷாப்புக்கும் இதற்கும் ஒரே சட்டம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விசைநண்பன்:

மேடம், முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் நியாயமானது, கீபோர்டு டூலை அட்மினாக ஓட்டவே ஓட்டாதீர்கள்.

உங்கள் பேஜ்மேக்கர் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி தாவலைப் பாருங்கள். அட்மினாக ஓட்டு என்ற கட்டத்தில் டிக் இருக்கும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல். அந்தக் கால நிரல்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே செட்டிங்ஸ் எழுதும், அதற்கு இப்போது சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. அதனால் இன்ஸ்டால் செய்பவர்கள் அட்மின் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு விதி உண்டு: கீழ்நிலையில் ஓடும் நிரல், மேல்நிலையில் ஓடும் நிரலின் விசைகளைப் பார்க்கவும் முடியாது, அதற்கு எழுத்தை அனுப்பவும் முடியாது. நல்ல விதிதான். ஆனால் உங்கள் கடையில் பேஜ்மேக்கர் மேலே, கீபோர்டு கீழே என்று ஆகிவிட்டது.

கீபோர்டை மேலே ஏற்றுவதற்குப் பதில் பேஜ்மேக்கரைக் கீழே இறக்குங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டு, பேஜ்மேக்கர் ஃபோல்டரின் செக்யூரிட்டி தாவலில் உங்கள் ஊழியர்களின் கணக்குக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

மற்றபடி நீங்கள் கேட்கும் பல விஷயங்கள் விண்டோஸுக்குள் வந்துவிட்டன. தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 2019 மே பதிப்பில் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கு ஃபோனெடிக் விசைப்பலகை (ஒலிப்புப்படி ஆங்கில எழுத்தில் அடிப்பது) கொடுத்தார்கள். கால்குலேட்டரில் 'ஸ்டாண்டர்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன ஐகான் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் எந்த ஜன்னலுக்கும் மேலேயே நிற்கும். விண்டோஸ் கீயும் வி-யும் அழுத்தினால் நகலெடுத்தவற்றின் வரலாறு வரும், அது 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து இருக்கிறது. கலர் பிக்கர், திரை அளவுகோல் இரண்டும் பவர்டாய்ஸில் கிடைக்கும், மைக்ரோசாஃப்டே தரும் இலவசத் தொகுப்பு. எனவே "உள்ளேயே வைத்துத் தர வேண்டும்" என்பதுதான் என் கட்சி.

அச்சுமை:

தாமரை அம்மா, உங்கள் கால்குலேட்டர் பத்தியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 80களின் கடைசியில் சென்னையில் ஒரு பத்திரிகையின் பக்க அமைப்புப் பிரிவில் மேக்கில் தொழில் கற்றவன். நீங்கள் விவரித்த அந்தக் குணத்தை, ஒரு இயங்குதளமே முன்யோசனையோடு செய்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

1984 ஜனவரியில் வந்த முதல் மேக்கின் நினைவகம் 128 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். ஆனால் இடது மூலையில் ஆப்பிள் மெனுவை இழுத்தால் கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், நோட் பேட், ஸ்கிராப்புக் என்று ஒரு வரிசை இறங்கும். டெஸ்க் ஆக்சஸரி என்று பெயர். மேக்ரைட் என்ற எழுதும் நிரலில் கட்டுரை அப்படியே திறந்திருக்க, அதன் மேல் கால்குலேட்டர் வந்து நிற்கும். ஒரே நிரல் ஓடும் மெஷினில் இது எப்படி என்றால், இவற்றை நிரலாகவே செய்யவில்லை. கருவி டிரைவர்களின் வடிவத்தில் செய்து சிஸ்டம் ஃபைலுக்குள் வைத்திருந்தார்கள். டிரைவர் என்பது எந்த நிரல் ஓடினாலும் கூடவே இருக்கக்கூடிய பொருள்.

எனக்கு இன்றும் மதிப்புக் குறையாத பகுதி அடுத்தது. பெரிய நிரலை எழுதுபவருக்கு ஆப்பிள் சில கடமைகளை வைத்தது. உன் நிரல் ஓடும்போது அவ்வப்போது சின்னக் கருவிகளுக்கு நேரம் ஒதுக்கு. அவற்றின் ஜன்னலில் விழும் கிளிக்கை அவற்றிடம் கொடு. உன் நிரலுக்கு வெட்டி ஒட்டும் வேலையே இல்லாவிட்டாலும் எடிட் மெனுவை வை, அதில் அன்டூ, கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் வழக்கமான வரிசையில் இருக்கட்டும், ஏனென்றால் கால்குலேட்டருக்கும் நோட் பேடுக்கும் அவை தேவைப்படும். பெரியது சின்னதுக்கு வழிவிட வேண்டும் என்பதை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்த இயங்குதளத்திலும் அப்படி ஒரு விதி இல்லை.

அதில் 'கீ கேப்ஸ்' என்று ஒரு கருவி இருந்தது. திரையில் விசைப்பலகையின் படம் வரும். மெனுவில் ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், எந்த விசையில் எந்த வடிவம் இருக்கிறது என்று அந்த எழுத்துருவிலேயே காட்டும். அன்றைய தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு விதமாக. ஆப்ஷன் விசையைப் பிடித்தால் படம் முழுவதும் மாறி, ஒளிந்திருக்கும் கூட்டெழுத்துகள் வெளியே வரும். 'ணை' எங்கே என்று தெரியாமல் திகைத்த எத்தனையோ பேருக்கு நான் அதைத் திறந்து காட்டியிருக்கிறேன். பக்கத்தை மூட வேண்டாம், வேலையை நிறுத்த வேண்டாம். பார், எடு, மூடு.

குறையும் இருந்தது. புதிய கருவியைச் சேர்க்க ஃபான்ட்/டிஏ மூவர் என்ற தனி நிரல் வேண்டும், 15க்கு மேல் சேர்க்க முடியாது. 1991ல் சிஸ்டம் 7 வந்தபோது எந்த நிரலையும் ஆப்பிள் மெனுவில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். எல்லை போனது நல்லதுதான். ஆனால் அதோடு 'சின்னது' என்ற தனித் தகுதியும் போய்விட்டது.

அதே 1984ல் ஐபிஎம் பிசி பக்கம் போர்லண்ட் கம்பெனியின் சைட்கிக் வந்தது. அதிலும் கால்குலேட்டர், குறிப்பேடு, நாட்காட்டி உண்டு. ஆனால் பிசியின் இயங்குதளமான டாஸ் இப்படி ஒரு கருவியை எதிர்பார்க்கவே இல்லை. சைட்கிக் நினைவகத்தில் பதுங்கிக்கொண்டு, விசைப்பலகையின் இன்டரப்ட்டையே (விசை அழுத்தியதைச் சொல்லும் சமிக்ஞை) தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விசையும் முதலில் அதன் வழியாகத்தான் போகும். அதே மாதிரி இன்னொரு டூலையும் ஏற்றினால் இரண்டும் மோதிக்கொள்ளும், அதனால் சைட்கிக்கைக் கடைசியில் ஏற்றுங்கள் என்பார்கள். மேக்கில் சின்னக் கருவிக்கு வாசல் வைத்திருந்தார்கள், டாஸில் அது ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அம்மா, உங்கள் தமிழ் கீபோர்டு டூல் இந்த இரண்டாவது பரம்பரை. எல்லா நிரல்களின் எல்லா விசைகளையும் இடைமறித்துத்தான் அது வேலை செய்கிறது. திருட்டு நிரலும் அதே இடத்தில்தான் நிற்கும். ஆண்டிவைரஸால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாததற்குக் காரணம், இரண்டுக்கும் இயங்குதளம் ஒரே வழியை விட்டு வைத்திருப்பது.

பிற்காலத்தில் செய்த முயற்சிகளைப் பார்த்தாலும் இதே இரண்டு விஷயத்தில்தான் தடுக்கியிருக்கிறார்கள், இடம், அதிகாரம். 2005ல் மேக்கில் டாஷ்போர்டு வந்தது. பார்க்க அழகு. ஆனால் கால்குலேட்டருக்காகத் திரை முழுக்க இருண்டு தனி அடுக்கு மேலே வரும், பின்னால் இருக்கும் கொட்டேஷனில் கை வைக்க முடியாது. 2019ல் கேட்டலினாவில் அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் விஸ்டாவில் கேட்ஜெட்கள் வந்தன. அவை வேலைக்குப் பக்கத்திலேயே நிற்கும், அந்த வகையில் மேல். ஆனால் வெறும் கடிகார முள்ளைக் காட்டும் கேட்ஜெட்டுக்குக்கூட உங்கள் கணக்கின் முழு அதிகாரமும் உண்டு. 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டு, கேட்ஜெட்களை மொத்தமாக அணைக்க வழி கொடுத்தது.

விசைநண்பன் சொல்வது போல எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட முடியாது. பாமினி மாற்றியை மைக்ரோசாஃப்ட் எழுதித் தரப்போவதில்லை. எங்கள் ஊரின் எங்கள் தொழிலுக்கான டூலை எங்களில் ஒருவர்தான் எழுதுவார். அப்படி எழுதுபவர், டூலில் தன் கையெழுத்தைப் போட உதவும் டிஜிட்டல் சான்றிதழுக்கு வருடாவருடம் பணம் கட்ட மாட்டார். அவருடைய டூலை நம்பாமலேயே ஓட்ட முடிகிற மாதிரி இயங்குதளம் இருக்க வேண்டும். இதுதான் என் கருத்து. டூலை அளவை வைத்தோ கையெழுத்தை வைத்தோ எடைபோடாமல், அது எதைத் தொட வேண்டியிருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் கொடுக்க வேண்டும்.

செய்ய முடியாத காரியம் இல்லை. உங்கள் கலர் பிக்கரையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் அது முழுத் திரையையும் படமாக எடுத்துப் பார்க்கிறது. அதற்குத் தேவையோ ஒரே ஒரு புள்ளி. 2021ல் குரோம் 95 பதிப்பில் ஐடிராப்பர் என்று ஒரு வசதி வந்தது. இணையப் பக்கம் "ஒரு நிறம் வேண்டும்" என்று கேட்கும், பிரௌசர் தானே உருப்பெருக்கியைக் காட்டும், நீங்கள் திரையில் எங்கேயாவது கிளிக் செய்தால் அந்த ஒரு நிறத்தின் எண் மட்டும் பக்கத்துக்குப் போகும். கிளிக் செய்யும் வரை அதற்கு எதுவும் தெரியாது. மேக்கில் 2019லிருந்து நிரல்களுக்கு இதே மாதிரி வழி இருக்கிறது, லினக்ஸில் போர்ட்டல் என்ற பெயரில் இருக்கிறது. "இந்த நிரல் உங்கள் திரையைப் பதிவு செய்யலாமா?" என்ற கேள்வியே அங்கே எழாது. கிளிக் செய்ததே அனுமதி.

கீபோர்டுக்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2014ல் ஐஓஎஸ் 8ல் வெளியார் விசைப்பலகைகளை ஆப்பிள் அனுமதித்தபோது, நீங்களாக முழு அணுகல் கொடுத்தால் ஒழிய அவற்றுக்கு இணையம் கிடையாது என்று வைத்தார்கள். விசையைப் பார்க்கட்டும், ஆனால் வெளியே அனுப்ப முடியாது. உங்கள் கடைக்கு வேண்டியது இதே ஏற்பாடுதான். டெஸ்க்டாப்பில் ஒரு சாதாரண ஊழியர் இதைச் சுலபமாகச் செய்துகொள்ள வழி வைக்கவில்லை. கம்பெனிகள் இந்த வேலையைப் பெரிதாக நினைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உபுண்டுவாசி:

அச்சுமை ஐயா சொன்ன அதிகாரப் பகுதி முழுக்கச் சரி. ஆனால் 'உள்ளே வைப்பது' பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன்.

உள்ளே வைத்தது சின்னதாகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நோட்பேடைப் பாருங்கள். யூனிக்ஸ் வழக்கப்படி வரி முடியும் ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஒரே வரியாகத் தெரியும், 2018 வரைக்கும் அதைச் சரிசெய்யவில்லை. இப்போதோ தாவல்கள், எழுத்துப் பிழை திருத்தம், கணக்கில் நுழைந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் செயற்கை அறிவு வரைக்கும் போய்விட்டது. விண்டோஸ் 95லிருந்து இருந்த வேர்ட்பேடை 2024ல் வந்த 24எச்2 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். அது நம் கையில் இல்லை.

எங்கள் லினக்ஸ் பக்கம் சின்ன டூல்களுக்கு வேறு ஏற்பாடு. டெபியன், உபுண்டு மாதிரி விநியோகங்களில் ஒரே களஞ்சியம். டூலை எழுதியவர் சான்றிதழ் வாங்க வேண்டாம், பராமரிப்பவர் மூலநிரலிலிருந்து கட்டி, விநியோகத்தின் சாவியால் கையெழுத்திட்டுத் தருவார். தமிழ் உள்ளீடு ஐபஸ் என்ற பொதுவான உள்ளீட்டு அமைப்பு வழியாக வரும், விசைகளைத் திருட்டுத்தனமாக இடைமறிக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கேயும் சொதப்பல்கள் நடந்தன, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2018ல் உபுண்டு 18.04ல் கால்குலேட்டரையே ஸ்னாப் பொதியாக (தனக்குத் தேவையானவற்றைத் தன்னோடு சுமந்து வரும் வகை) கொடுத்தார்கள். ஒரு கூட்டல் போட, முதல் தடவை திறக்கும்போது காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மாதிரியான பிளாட்பாக் பொதியில் ஒரு சின்ன டூலை நிறுவினாலும், அந்த மெஷினில் முதல் பிளாட்பாக் அதுதான் என்றால், அது ஓடத் தேவையான ரன்டைம் நூற்றுக்கணக்கான எம்பிக்கு இறங்கும். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் டூல்களின் பழைய ஐகான்கள் உட்காரும் இடத்தை 2017ல் 3.26 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பும் சுத்தமும் சரி, ஆனால் தினமும் கைக்கு எட்டும் இடத்தைப் பறித்துவிட்டுப் பாதுகாப்பு தருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்காரர்கள் செய்தது எனக்குப் பிடிக்கும். ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் கேரன்னர் என்று ஒரு பெட்டி மேலே வரும். அதில் 240/16 என்று அடித்தால் கீழேயே 15 என்று வரும். எஸ்கேப் அழுத்தினால் போய்விடும். கால்குலேட்டர் என்ற நிரலைத் திறக்கவே வேண்டாம். மேக்கில் ஸ்பாட்லைட்டும் அப்படித்தான். தாமரை அக்கா கேட்ட "வந்து நின்று, எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவது" இதுதானே?

யாழ்விசை:

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்தில் ரெங்கநாதன் விசைப்பலகையைத்தான் கூடுதலாகப் பாவிக்கிறோம், பாமினி எழுதிப் பழகிய கைகளுக்கு அது இலகு. கைவிடப்பட்ட டூலை இழுத்துக்கொண்டு போகாமல் கீமான் என்ற விசைப்பலகை டூலைப் போட்டுப் பாருங்கள். 2015ல் எஸ்ஐஎல் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு இலவசமாகவும் திறந்த மூலமாகவும் ஆகிவிட்டது. தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. டூல் இன்றைக்கு நல்லது என்பதால் நாளைக்கும் நல்லதாக இருக்கும் என்று இல்லை. குரோமில் தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு நீட்சி இருந்தது, பாவிக்காத தாவல்களைத் தூங்க வைப்பது மட்டும்தான் அதன் வேலை. லட்சக்கணக்கானோர் பாவித்தார்கள். 2020ல் அதை உருவாக்கியவர் வேறு ஆட்களுக்கு விற்றார். 2021 பெப்ரவரியில் தீங்கு நிரல் என்று கூகிள் அதை நிறுத்தியது. டூலின் பெயரும் ஐகானும் மாறவில்லை, சொந்தக்காரர்தான் மாறினார். சின்ன டூலைத் தானாகப் புதுப்பிக்க விடும் இயங்குதளம், சொந்தக்காரர் மாறினால் எங்களிடம் கேட்க வேண்டும். பழைய அனுமதிகளைப் புதியவருக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. அச்சுமை ஐயா சொன்னபடி குறைந்த அதிகாரம் மட்டும் கொடுத்திருந்தால், விற்றாலும் சேதம் அவ்வளவு இருந்திருக்காது.

தட்டச்சுத்தாமரை:

எல்லோருக்கும் நன்றி. விசைநண்பன் சார், நீங்கள் சொன்ன இடத்தில் அந்த டிக் இருந்தது. எடுத்துவிட்டு ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தேன். இப்போது கீபோர்டு டூல் சாதாரணமாகவே ஓடுகிறது, பேஜ்மேக்கரில் தமிழ் வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உள்ளே வரும் தமிழ்99 யூனிகோடுதான் தரும். பேஜ்மேக்கரில் இருக்கும் பழைய எழுத்துருக்களுக்கு அது உதவாது. யூனிகோடு தெரிந்த பக்க அமைப்பு நிரலான இன்டிசைனுக்கு முழுக்க மாறும் வரை எங்களுக்குப் பழைய டூல் வேண்டும். யாழ்விசை தம்பி, கீமானை ஒரு மெஷினில் போட்டு யூனிகோடு வேலைகளுக்குப் பழக்குகிறேன்.

அச்சுமை ஐயா, கீ கேப்ஸ் பற்றிப் படித்தபோது நான் தொழில் கற்ற இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த விசை அட்டவணை கண் முன்னால் வந்தது. உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன கணக்கில் எழுத்துரு மாற்றிக்கு என்ன கொடுக்க வேண்டும்? அதற்கு விசையும் வேண்டாம், திரையும் வேண்டாமே. ஆன்லைன் தளத்துக்குப் போவதை நான் எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

அச்சுமை:

அம்மா, அதற்குக் கொடுக்க வேண்டியது நீங்கள் தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும். வேறு எதுவும் வேண்டாம், ஃபைலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். மேக்கில் சர்வீசஸ் என்று ஒரு மெனு உண்டு, இன்றைய மேக்கின் மூதாதையான நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தின் காலத்திலிருந்து வருவது. எந்த நிரலிலும் நாலு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த மெனுவில் ஒரு டூலின் பெயரைக் கிளிக் செய்தால், அந்த நாலு வரி மட்டும் டூலுக்குப் போய், மாற்றப்பட்டு, அதே இடத்தில் திரும்ப வந்து உட்காரும். நகலெடு, வேறு ஜன்னலுக்குப் போ, ஒட்டு, மாற்று, மறுபடி நகலெடு என்ற ஓட்டமே கிடையாது. எழுத்துரு மாற்றிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியாது. விண்டோஸில் எல்லா நிரலுக்கும் பொதுவான அப்படி ஒரு மெனு இல்லை, இருந்திருந்தால் உங்கள் பிள்ளைகள் எந்தத் தளத்துக்கும் போயிருக்க மாட்டார்கள்.

அதுவரை நீங்களே ஒரு வேலி போட்டுக்கொள்ளலாம். மாற்றியை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் வையுங்கள், ஊழியர் கணக்கிலிருந்து அதை யாரும் மாற்றி வைக்க முடியாது. டவுன்லோட் செய்த ஃபைல் என்பதால்தான் எச்சரிக்கை வருகிறது. டூல் சரியானது என்று உங்களுக்கு உறுதி என்றால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் கீழே 'அன்பிளாக்' கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள். பிறகு விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வாலின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய், 'அவுட்பவுண்ட் ரூல்ஸ்', 'நியூ ரூல்', 'புரோகிராம்' என்று தேர்ந்தெடுத்து அந்த எக்ஸி ஃபைலைக் காட்டி, 'பிளாக்' கொடுங்கள். கீபோர்டு டூலுக்கும் இதே விதியைப் போடுங்கள். ஆண்டிவைரஸ் தன் ஃபயர்வாலை வைத்திருந்தால் அதில் போட வேண்டும், இரண்டில் எது ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மெஷினிலும் மாற்றியின் ஐகானை டாஸ்க்பாரில் குத்தி வையுங்கள். ஆன்லைன் தளத்தைத் தேடுவதைவிட இது பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் இதைத்தான் எடுப்பார்கள்.